வாசகர் கேள்வி – பதில்: இன்ஜின் ரூமிலிருந்து லேனா ஆற்றுக்கு

இரண்டு இதழ்களுக்கு முன், ஆர்க்டிக் பயணம் போன நார்வேக்காரர் நான்சென்னின் 'ஃப்ராம்' கப்பல் பற்றி எழுதியிருந்தேன். அந்தப் பயணத்துக்கு விதை போட்டது, அதற்கு முன்பே ஆர்க்டிக் பனியில் நசுங்கி மூழ்கிய 'ஜெனெட்' என்ற அமெரிக்கக் கப்பல்தான் என்றும், அதன் தலைமை இன்ஜினியர் ஜார்ஜ் மெல்வில் உயிரோடு திரும்பிவந்து ஒரு புத்தகம் எழுதினார் என்றும் அதில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. எனக்கும் அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் மெல்வில்தான்.

கே: பனியில் மாட்டிக்கொண்டு நகராமல் நின்ற கப்பலில் இன்ஜினியருக்கு என்ன வேலை? இன்ஜினே ஓடவில்லையே!
– வாசகர், தூத்துக்குடி

ப: நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். படித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கப்பலில் மற்ற எவரைவிடவும் அதிக வேலை அவருக்குத்தான் இருந்திருக்கிறது.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகையின் முதலாளி பென்னட், ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேட ஸ்டான்லியை அனுப்பினாரே, அவரேதான், வட துருவத்துக்குக் கப்பல் அனுப்ப ஆசைப்பட்டார். பிரிட்டிஷ் கடற்படையில் 'பண்டோரா' என்ற பெயரில் இருந்த பழைய கப்பலை வாங்கி, தன் சகோதரியின் பெயரை வைத்தார். அதுதான் ஜெனெட். அமெரிக்கக் கடற்படை ஆட்களைக் கொடுத்தது, கேப்டனாக லெப்டினன்ட் டி லாங் வந்தார். மொத்தம் 33 பேர். 1879 ஜூலை 8ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி, பெரிங் ஜலசந்தியைத் தாண்டி, செப்டம்பர் தொடக்கத்திலேயே ஹெரால்டு தீவுக்கு அருகே பனியில் சிக்கினார்கள். ஜப்பான் பக்கத்து வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் வடக்கே போய்ப் பனியைக் கரைத்து வழி விட்டிருக்கும் என்று அந்தக் காலத்துப் பெரிய புவியியல் அறிஞர்கள் நம்பினார்கள். அப்படி எந்த வழியும் இல்லை. பிடித்த பனி 21 மாதங்கள் விடவே இல்லை.

இனி உங்கள் கேள்வி. 1880 ஜனவரி 19ஆம் தேதி பனி நெருக்கியதில் கப்பலின் முன்பக்க அடிப்பாகம் பிளந்து தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. கடுங்குளிர், வந்த தண்ணீர் உள்ளேயே உறைகிறது, குழாய்களும் உறைந்து கிடக்கின்றன. மாலுமிகள் கைப்பம்பை மாறி மாறி அடிக்கிறார்கள். மனித உடம்பு எத்தனை நாள் அதைத் தாங்கும்? மெல்வில் கொதிகலனில் நீராவி ஏற்றி, ஸ்டீம் பம்பை ஓட வைத்தார். அதே நேரம் நிண்டெமான், ஸ்வீட்மன் என்ற இரண்டு பேர் முன்பக்கத்தில் உறையும் தண்ணீரில் நின்றுகொண்டே, கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து இடுக்குகளை அடைத்தார்கள்.

சரி, பம்பு ஓடுகிறது, ஆனால் நீராவி என்றால் நிலக்கரி. ஆர்க்டிக்கில் எரித்த கரியை எங்கே போய் நிரப்புவது? ஒவ்வொரு வாளிக் கரியும் கணக்குதான். மெல்வில் பெரிய பம்பை நிறுத்திவிட்டுச் சின்ன கொதிகலனில் வேலையை முடிக்க வழி பார்த்தார், அப்புறம் கப்பல் தளத்தின் மேல் ஒரு காற்றாலையைக் கட்டி, காற்றையே பம்பு அடிக்க வைத்தார்! கரிச் செலவில்லாமல் தண்ணீர் வெளியேறியது. இதற்கு நடுவே இன்னொரு தொல்லை. பனியை உருக்கிக் குடித்தால் அதில் உப்பு இருக்கிறது, உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் ஆம்ப்ளர் சோதித்துச் சொல்லிவிட்டார். அதனால் குடிதண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் வேலையும் மெல்வில் தலையில் விழுந்தது. அதற்கும் கரி வேண்டும்.

1880 ஜனவரியிலிருந்து 1881 ஜூன் வரை, 17 மாதங்கள் அந்த ஓட்டைக் கப்பலைத் தண்ணீர் மேல் வைத்திருந்தார்கள். கடைசியில் அது மூழ்கியது ஓட்டையால் அல்ல. 1881 ஜூன் 12ஆம் தேதி பனிப்பாளங்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து நெருக்கி அதை உடைத்தன. மறுநாள் விடியற்காலையில் பாய்மரங்களோடு நேராக உள்ளே இறங்கிவிட்டது.

கே: இந்த மெல்வில்தான் அந்தப் பிரபலமான திமிங்கில நாவலை எழுதியவரா?
– வாசகி, ஈரோடு

ப: இல்லை. அவர் ஹெர்மன் மெல்வில், 1819இல் பிறந்தவர். நம்மவர் ஜார்ஜ் வாலஸ் மெல்வில், 1841 ஜனவரி 10ஆம் தேதி பிறந்தவர். இருவருமே நியூயார்க்கில் பிறந்து கடலைப் பற்றி எழுதியவர்கள் என்பதால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும்.

கே: கப்பல் மூழ்கிய பிறகு நடுக்கடல் பனியில் 33 பேர் எப்படிப் பிழைத்தார்கள்?
– வாசகர், திருச்சி

ப: 33 பேரும் பிழைக்கவில்லை. 13 பேர்தான் பிழைத்தார்கள்.

படகுகளையும் உணவையும் சறுக்கு வண்டிகளில் ஏற்றி, தோளில் பட்டை மாட்டி, தெற்கே சைபீரியக் கரையை நோக்கி இழுத்துக்கொண்டு நடந்தார்கள். பனி என்றால் சமதளம் இல்லை, மேடும் பள்ளமும் இடையிடையே தண்ணீரும். பாதையைச் சரிசெய்து, ஒரு வண்டியைக் கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்து அடுத்ததை இழுக்க வேண்டும். ஒரு மைல் முன்னேறப் பல மைல் நடை. இப்படி ஒரு வாரம் உயிரைக் கொடுத்து இழுத்த பிறகு டி லாங் சூரியனை அளந்து இடத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். கிளம்பிய இடத்துக்கு வடக்கே ஏறக்குறைய 28 மைல் தள்ளி நிற்கிறார்கள்! இவர்கள் தெற்கே நடந்ததைவிட வேகமாக, காலடியில் இருந்த பனி வடக்கே நகர்ந்திருக்கிறது. இந்த விஷயத்தை டி லாங் மெல்விலிடமும் டாக்டரிடமும் மட்டும் சொன்னார். மற்றவர்களுக்குத் தெரிந்தால் மனம் உடைந்துவிடும் என்று பயம். அந்த ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு, அடுத்த நாளும் எதுவும் நடக்காதது போல ஆட்களைக் கூட்டி வண்டி இழுக்க வைத்த மெல்விலை நினைத்துப் பாருங்கள்.

செப்டம்பரில் திறந்த கடல் கிடைத்தது. மூன்று படகுகள்: டி லாங்குடன் சேர்த்து 14 பேர் ஒன்றில், லெப்டினன்ட் சிப்புடன் சேர்த்து 8 பேர் இன்னொன்றில், மெல்விலுடன் சேர்த்து 11 பேர் திமிங்கில வேட்டைப் படகில். செப்டம்பர் 12ஆம் தேதி புயல் அடித்து மூன்றையும் பிரித்துவிட்டது. சிப்பின் படகை அதன்பின் யாரும் பார்க்கவில்லை.

மெல்விலின் படகு தப்பியது எப்படி என்பதை, கடலில் தொழில் செய்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கூடாரக் கம்புகளை முக்கோணமாகக் கட்டி, நடுவே கித்தான் துணியை இழுத்துக் கட்டி, கயிற்றில் பிணைத்துத் தண்ணீரில் போட்டார்கள். அது அடிக்குப் போகாது, தண்ணீருக்குள் நின்று இழுக்கும். படகின் மூக்கு எப்போதும் அலையைப் பார்த்தே நிற்கும். பக்கவாட்டில் ஒரு அலை வாங்கினால் அந்தக் கனத்தில் படகு கவிழ்ந்திருக்கும். இரவெல்லாம் அந்த முக்கோணத்தை நம்பி, உள்ளே வந்த தண்ணீரை இறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

சைபீரியாவின் லேனா ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்த பெரிய சேற்றுப் பரப்பு. அதன் கிழக்குப் பக்கத்தில் இவர்கள் நுழைந்தார்கள். அங்கிருந்த உள்ளூர் மக்கள் கண்டு, ஊருக்கு அழைத்துப்போய், தங்களிடம் இருந்த மீனையும் கெட்டுப்போன வாத்து இறைச்சியையும் பகிர்ந்து கொடுத்தார்கள். அதுதான் அவர்களே சாப்பிடும் சாப்பாடு, தங்கள் பங்கைத்தான் கொடுத்தார்கள். படகில் இருந்த 11 பேரும் பிழைத்தார்கள்.

கே: டி லாங்கும் அதே லேனா கழிமுகத்தில்தான் கரையேறினார் என்று படித்தேன். அப்படியானால் மெல்வில் ஏன் உடனே போய்க் காப்பாற்றவில்லை? அவர் தாமதித்தார் என்று சிலர் சொல்கிறார்களே?
– வாசகர், மதுரை

ப: இந்தக் கேள்வி மெல்விலை ஆயுள் முழுக்கத் துரத்தியது. கடற்படை விசாரணையிலும், பிறகு 1884இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணையிலும் இதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

டி லாங்கின் ஆட்கள் கழிமுகத்தின் வடக்குப் பக்கத்தில், மனித நடமாட்டமே இல்லாத பகுதியில் இறங்கினார்கள். தெற்கே ஆற்றோரம் நடந்தார்கள். சாப்பாடு தீர்ந்தது, ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். அக்டோபர் 9ஆம் தேதி, உடம்பில் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்த நிண்டெமானையும் நோரோஸையும் உதவி தேடி முன்னால் அனுப்பினார் டி லாங். அந்த இருவரும் ஒரு குடிசையில் கிடந்த பூசணம் பிடித்த மீனைத் தின்று கிடந்தபோது உள்ளூர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

இங்கேதான் என்னால் தாங்க முடியாத ஒரு விஷயம் வருகிறது. கண்டுபிடித்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, இவர்களுக்கு அவர்கள் மொழி தெரியாது. பின்னால் ஆற்றங்கரையில் இன்னும் ஆட்கள் பட்டினியாகக் கிடக்கிறார்கள் என்பதைக் கையால் காட்டினார்கள், வரைந்து காட்டினார்கள். யாருக்கும் புரியவில்லை. நிண்டெமான் அழுதுவிட்டார். புரியாத அந்த மனிதர்கள் இரக்கத்தோடு அவர்களை அழைத்துப் போனார்கள், ஆனால் போனது தெற்கே, டி லாங் இருந்த திசைக்கு நேர் எதிரே.

மெல்விலுக்கு இந்தச் செய்தி ஒரு நாடுகடத்தப்பட்ட ரஷ்யர் மூலம் கிடைத்தபோது அக்டோபர் முடியப்போகிறது. டி லாங்கின் நாட்குறிப்பில் கடைசி வரி அக்டோபர் 30ஆம் தேதி எழுதப்பட்டது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதற்கு முந்தைய ஒரு மாதம் என்ன செய்தார் என்று கேட்கலாம். அவருடைய ஆட்கள் பலர் கால் உறைந்து நடக்க முடியாமல் கிடந்தார்கள். கிளையாறுகள் பாதி உறைந்தும் பாதி உறையாமலும் இருந்த பருவம் அது, படகும் போகாது, நாய் வண்டியும் போகாது. டி லாங் எங்கே இருக்கிறார், கரை சேர்ந்தாரா என்பதே அவருக்குத் தெரியாது. இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம், ஊர்க்காரர்களை இன்னும் வற்புறுத்தியிருக்கலாம் என்று சொல்பவர்களை நான் முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் செய்தி கிடைத்த பிறகு அவர் செய்ததைப் பார்த்தால் எனக்கு அவர் மேல் சந்தேகம் வரவில்லை. உடனே புறப்பட்டு நிண்டெமானையும் நோரோஸையும் பார்த்து விவரம் வாங்கிக்கொண்டு, இரண்டு உள்ளூர் ஆட்களோடு நாய் வண்டியில் வடக்கே போனார். நவம்பர், சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடும் பருவம். அவருடைய கால்களே உறைபனியில் வெந்து வீங்கி, நடக்கவே முடியாத நிலை. அப்படியே போய் டி லாங் கரையில் புதைத்து வைத்திருந்த கப்பல் பதிவேடுகளையும் காலமானியையும் கண்டெடுத்தார். ஆட்களைக் காணவில்லை. பனிப்புயல் தடயங்களை மூடிவிட்டது. உணவு தீர்ந்து, வேறு வழியில்லாமல் திரும்பினார்.

கே: அவர் எழுதிய புத்தகத்தில் உங்களை மிகவும் உலுக்கிய இடம் எது?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: 'லேனா கழிமுகத்தில்' என்று தலைப்பு வைத்து 1885இல் வெளியிட்டார். நல்ல தடிமனான புத்தகம். எழுத்தாளர் எழுதியது போல இருக்காது, வேலை பார்த்தவர் எழுதியது போல இருக்கும். எதை எதனோடு கட்டினார்கள், எத்தனை மீன் மிச்சம் இருந்தது, எந்தக் குடிசையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். எனக்கு அதுதான் பிடித்தது.

உலுக்கிய இடம் 1882 மார்ச் 23. குளிர்காலத்தில் யாகுட்ஸ்க் நகரம் வரை போய், ஆட்களும் நாய்களும் உணவும் சேர்த்துக்கொண்டு மறுபடி அதே கழிமுகத்துக்கு வந்திருக்கிறார். தன் ஆட்களை ஊருக்கு அனுப்பியாயிற்று, அவரும் அவர்களோடு வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வந்தார். நிண்டெமான் கூட இருக்கிறார், தான் நடந்துவந்த பாதையைத் தானே அடையாளம் காட்டுகிறார்.

பனிக்கு மேலே நான்கு கம்புகள் சேர்த்துக் கட்டி நிற்கின்றன. அதில் தொங்கவிட்ட ஒரு துப்பாக்கியின் குழல் முனை பனிக்கு வெளியே கொஞ்சமாகத் தெரிகிறது. அங்கே தோண்டச் சொல்லிவிட்டு மெல்வில் மேட்டின் மேல் ஏறுகிறார். திசைமானியை வைத்துச் சுற்றிலும் இடம் குறிக்கலாம் என்று எண்ணம். கறுப்பாக ஏதோ தெரிகிறது. கிட்டப் போனால் தேநீர் கொதிக்க வைக்கும் செம்புக் கெட்டில். அதை நோக்கி நடந்தவர் எதன் மேலோ இடறப் பார்க்கிறார். பனியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த டி லாங்கின் கை. பக்கத்தில் டாக்டர் ஆம்ப்ளரும், சீனச் சமையல்காரர் ஆ சாமும். தலைக்குப் பின்னால் சில அடி தள்ளி, எழுதி முடித்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டது போல, அந்தச் சின்ன நாட்குறிப்பு கிடக்கிறது. மெல்வில் அதை எடுத்துப் படித்தார்.

அடுத்து அவர் செய்ததும் என் மனதில் அப்படியே நிற்கிறது. கிடந்த இடத்திலேயே புதைத்திருக்கலாம். ஆனால் வசந்தத்தில் லேனா பொங்கும், கழிமுகம் முழுக்க மூழ்கும், பனிக்கட்டி எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு போகும் என்று அவருக்குத் தெரியும். வெள்ளம் எட்டாத ஒரு பாறைக் குன்றைத் தேடி, உடல்களை நாய் வண்டியில் அங்கே கொண்டுபோய், மேலே கற்களைக் குவித்து, ஆற்றில் மிதந்துவந்த மரத்தில் பெரிய சிலுவை செய்து, பெயர்களைச் செதுக்கி நட்டார். அதற்குப் பிறகும் ஓயவில்லை, சிப்பின் படகைத் தேடிப் பனி உடையும் காலம் வரை கடலோரம் அலைந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. உடல்களைப் பிறகு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியின் கல்லறையில் கற்குவியலும் சிலுவையுமாக ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, அந்தக் குன்றின் மேல் மெல்வில் எழுப்பியதன் மாதிரிதான் அது.

கே: நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். லைஃப் போட்டில் டெக் ஆபீசர் இருக்கும்போது இன்ஜினியர் எப்படித் தலைமை தாங்கினார்? அப்போது அதற்கு அனுமதி உண்டா?
– வாசகர், நாகப்பட்டினம்

ப: தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி! அந்தக் காலத்து அமெரிக்கக் கடற்படையில் இது பெரிய புண். மேல்தளத்து அதிகாரிகள் ஒரு சாதி, இன்ஜினியர்கள் இன்னொரு சாதி போல நடத்தப்பட்டார்கள். இன்ஜினியர் எத்தனை சீனியராக இருந்தாலும் கப்பலுக்கோ ஆட்களுக்கோ ஆணையிட முடியாது. மெல்விலின் படகில் டேனன்ஹோவர் என்ற கப்பலோட்டும் அதிகாரி இருந்தார், ஆனால் அவருக்குக் கண் நோய், பலமுறை அறுவை செய்து, பல மாதம் இருட்டறையில் கிடந்தவர். நோயாளிப் பட்டியலில் இருந்ததால் டி லாங் படகை மெல்வில் பொறுப்பில் எழுத்து மூலமாகவே ஒப்படைத்தார். புயலில் டேனன்ஹோவரின் அனுபவம் படகுக்குக் கைகொடுத்தது என்பதும் உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஊர் திரும்பியதும் யார் படகைக் காப்பாற்றியது என்று பெரிய வாக்குவாதமே நடந்தது.

இந்தப் பிரச்சினை 1899இல்தான் தீர்ந்தது. அதற்குச் சற்று முன், கடற்படைத் துறையில் உதவிச் செயலராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து பேசியதன் தொடர்ச்சியாக, இன்ஜினியர்களையும் மேல்தளத்து அதிகாரிகளையும் ஒரே பிரிவாக்கிச் சட்டம் வந்தது. மெல்வில் ரியர் அட்மிரல் ஆனார். ஆனால் கேட்டது கிடைத்தவுடன் அவர் சும்மா இருக்கவில்லை. இளம் அதிகாரிகள் எல்லோரும் மேல்தளத்துக்கே ஓடுகிறார்கள், இன்ஜின் வேலையை ஒழுங்காகக் கற்க ஆளில்லை என்று தன் அறிக்கைகளில் எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

கே: சாகசம் எல்லாம் சரி. இன்ஜினியராக அவர் என்ன சாதித்தார்?
– வாசகர், சென்னை

ப: இதற்கு அவருடைய தலைமுறைக்கு முன்னால் போக வேண்டும். மெல்வில் 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கிய நேரத்தில் கடற்படையில் சேர்ந்தபோது கடற்படைக்கே தலைமை இன்ஜினியராக இருந்தவர் பெஞ்சமின் ஐஷர்வுட். இவரும் எழுத்தாளர்தான், நீராவி சோதனைகளைப் பற்றி 1863இலும் 1865இலும் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டவர். சிலிண்டருக்குள் நீராவியைக் கொஞ்சமாக விட்டு, சீக்கிரமே வால்வை அடைத்து, உள்ளே இருப்பதை விரிய விட்டால் விட்ட அளவுக்குக் கரி மிச்சம் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். ஐஷர்வுட் 'மிச்சிகன்' என்ற கப்பலின் இன்ஜினை நாள்கணக்கில் ஓட்டி, கரியையும் தண்ணீரையும் எடை போட்டுப் பார்த்தார். ஒரு எல்லைக்கு மேல் மிச்சமில்லை, நஷ்டம்தான் என்று தெரிந்தது. சூடான காபியை ஜில்லென்ற எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் டம்ளர் முதலில் தன் பங்குச் சூட்டை எடுத்துக்கொள்ளும் இல்லையா, அதே போலச் சிலிண்டர் சுவர் குளிர்ந்து நீராவியைத் தண்ணீராக்கிவிடுகிறது. மெல்வில் முதலில் வேலை பார்த்த கப்பல்களில் அதே மிச்சிகனும் ஒன்று.

ஐஷர்வுட்டின் இன்ஜின் வைத்த 'வாம்பனோவாக்' கப்பல் 1868 பிப்ரவரியில் 17.75 நாட் வேகம், அதாவது மணிக்கு 17.75 கடல் மைல், தொட்டது. அப்போது உலகத்தில் அதற்கு ஈடான நீராவிக் கப்பல் கிடையாது. மெதுவாகச் சுற்றும் பெரிய இன்ஜின், அதிலிருந்து மரப் பற்கள் வைத்த பெரிய பற்சக்கரம் வழியாக வேகமாகச் சுற்றும் புரொப்பெல்லர். பாய்மரத்தில் வளர்ந்த மூத்த அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே ஒரு குழு வைத்து அந்தக் கப்பலைக் குறை சொல்லி ஒதுக்கினார்கள், ஐஷர்வுட்டைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனசு கொதிக்கும்.

மெல்வில் 1887இல் அதே நாற்காலியில், தன்னைவிட மூத்த பலரைத் தாண்டி, உட்கார்ந்தார். 1903 வரை 16 ஆண்டுகள். பழைய மரக் கப்பல்களோடு கிடந்த கடற்படை எஃகுக் கப்பல்களுக்கு மாறிய காலம் அது. 'கொலம்பியா', 'மினியாபோலிஸ்' என்ற இரண்டு குரூஸர்களுக்கு (வேகமான போர்க்கப்பல்களுக்கு) மூன்று இன்ஜின், மூன்று புரொப்பெல்லர் வைத்தார். சாதாரணமாகப் போக நடுவில் உள்ளதை மட்டும் ஓட்டினால் போதும், கரி மிச்சம், துரத்த வேண்டும் என்றால் மூன்றும். சோதனை ஓட்டத்தில் மினியாபோலிஸ் 23 நாட்டைத் தாண்டியது. 1898 ஸ்பெயின் போரில் 'வல்கன்' என்ற கப்பலையே மிதக்கும் பட்டறையாக்கி அனுப்பினார், இரும்பை உருக்கி வார்க்கும் உலை வரை அதற்குள் இருந்தது. உடைந்த பாகத்துக்காகக் கப்பல்கள் ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை.

ஓய்வுக்குப் பிறகு செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. அப்போது, நீராவி மோதிச் சக்கரத்தை நேராகச் சுழற்றும் டர்பைன் வந்துவிட்டது. டர்பைனுக்கு வேகமாகச் சுற்றினால்தான் பலம், புரொப்பெல்லருக்கு மெதுவாகச் சுற்றினால்தான் பலம். ஒரே தண்டில் இரண்டையும் மாட்டினால் இரண்டுக்கும் கேடு. நடுவில் கியர் வேண்டும், ஆனால் அவ்வளவு சக்தியைக் கடத்தும்போது பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் படியாவிட்டால் நொறுங்கிவிடும். மெல்விலும் அவருடைய கூட்டாளி மெக்கால்பைனும், சின்னச் சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தை இறுக்கிவிடாமல் கொஞ்சம் அசைய விட்டு, பளு எல்லாப் பற்களிலும் சமமாக விழும்படி தானே சரிசெய்துகொள்ள வைத்தார்கள். 1909இல் வெஸ்டிங்ஹவுஸ் பட்டறையில் சோதித்தார்கள், பிறகு 'நெப்டியூன்' என்ற கடற்படைக் கரிக்கப்பலில் அந்த ஏற்பாடு கடலுக்குப் போனது. ஐஷர்வுட்டின் மரப்பல் சக்கரத்தை ஒதுக்கி 40 ஆண்டுகளில் கப்பலுக்குள் மறுபடி பற்சக்கரம் வந்தது, இந்த முறை எஃகில்.

1912 மார்ச் 17ஆம் தேதி பிலடெல்பியாவில் இறந்தார். அவர் பெயரை ஒரு போர்க்கப்பலுக்கு வைக்காமல், டெஸ்ட்ராயர் என்ற சிறிய, வேகமான போர்க்கப்பல்களைப் பழுதுபார்க்கும் கப்பலுக்கு வைத்தார்கள். முதல் உலகப் போரில் அது அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் நின்று வேலை பார்த்தது.

கே: அத்தனை பட்ட பிறகு மறுபடி ஆர்க்டிக் பக்கம் தலைவைத்தாரா?
– வாசகி, தஞ்சாவூர்

ப: இரண்டே ஆண்டில்! 1884இல் கிரீலி என்பவரின் குழு கிரீன்லாந்துக்கு எதிரே பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, மீட்கப்போன 'தீட்டிஸ்' கப்பலில் தலைமை இன்ஜினியராகப் போனார். ஜூன் 22ஆம் தேதி போய்ச் சேர்ந்தபோது 25 பேரில் 7 பேர்தான் மூச்சோடு இருந்தார்கள், அதிலும் ஒருவர் பிறகு இறந்தார்.

அதே 1884இல்தான் நான் அந்தக் கட்டுரையில் சொன்ன அதிசயமும் நடந்தது. ஜெனெட் மூழ்கி மூன்று ஆண்டு கழித்து, உலகத்தின் அந்தப் பக்கத்தில், கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில், டி லாங் கையெழுத்துப் போட்ட உணவுப் பட்டியலும் நோரோஸின் பெயர் எழுதிய எண்ணெய்த் துணிக் கால்சட்டையும் பனிக்கட்டி மேல் வந்து ஒதுங்கின. பனி துருவக் கடலைக் கடந்து நகர்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றுதான் நான்சென் தன் கப்பலை அந்தப் பனியிலேயே உறைய விட்டார்.

மெல்விலும் அந்தக் கால்சட்டையை மறக்கவில்லை. 1899இல், வயது 58, ரியர் அட்மிரல். பிலடெல்பியா புவியியல் சங்கத்தோடு சேர்ந்து, இரண்டு முனையும் கூம்பிய, பனி நெருக்கினாலும் நசுங்காமல் வழுக்கி மேலே வந்துவிடும் கெட்டியான மரப் பீப்பாய்களைச் செய்ய வைத்தார். உள்ளே ஒரு காகிதம்: எங்கே, எந்தத் தேதியில் கண்டெடுத்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்களிடமும் கடற்காவல் கப்பல்காரர்களிடமும் கொடுத்து அலாஸ்காவுக்கு வடக்கே பனிமேல் வைக்கச் சொன்னார். அவற்றில் ஒன்று 1905 ஜூனில் ஐஸ்லாந்தின் வடகிழக்குக் கரையில் கிடைத்தது, காகிதம் உள்ளே பத்திரமாக இருந்தது.